மூன்றாவது ஓலை

நான் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் வாசிக்காமல் விட்டேன்.

இதை எங்கள் தோட்டத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் நம்பமாட்டார்கள். வேண்டுமென்றே ஒன்றைச் செய்கிற அளவுக்கு இந்த வாத்தியார் சேருக்கு ஏது ஞாபகம் என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால்தான் இத்தனை வருடம் ஒளிந்திருக்கிறேன். நல்ல இடம். குளிர் அடிக்காது.

உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்கு என்னைத் தெரியாது. பாவமன்னிப்பு கொடுக்கும் அதிகாரமும் உங்களுக்கு இல்லை. ஆகவே பயமில்லாமல் சொல்லலாம்!

பூண்டுலோயாவிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். தேயிலைக்கு நடுவில் வெள்ளைக்காரத் துரைமார் கட்டிவைத்துவிட்டுப் போன கல் கோயில், எங்கள் தேவாலயம். கோயிலைச் சுற்றி அந்தத் துரைமாரே படுத்திருக்கிறார்கள். மழை இல்லாத நாளில் கல்லறைகளுக்கு அப்பால் கொத்மலை நீர்த்தேக்கம் ஒரு தகரத்துண்டு போல மின்னும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வாசகன். எங்கள் குருவானவருக்கு மலைக்கு ஒன்றாகப் பல கோயில்கள். அவர் வராத ஞாயிறுகளில் ஆராதனையை நடத்துவது, பாடலைத் தொடங்குவது, அறிவித்தல் வாசிப்பது எல்லாம் நான்தான்.

பாவ அறிக்கையைத் தொடங்கிவைப்பதும் நானே. அதை எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்வோம். கூட்டத்தோடு சொல்லும் பாவத்தில் ஒரு வசதி... எது யாருடையது என்று தெரியாது. என் குரல்தான் அதில் உரத்துக் கேட்கும். எவ்வளவு பக்தியான பிள்ளை என்பார்கள்!

என்னுடைய மறதி பிரசித்தம். ஒரு வருடம் அறுவடைத் திருவிழாவைத் தப்பான ஞாயிற்றுக்கு அறிவித்துவிட்டேன். மேல்கணக்கிலிருந்து, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து, ஒரு அக்கா பெரிய பூசணிக்காயைச் சுமந்துகொண்டு இறங்கி வந்து, வெறும் கோயிலைப் பார்த்துவிட்டு, அதே பூசணிக்காயோடு மலை ஏறினார். அடுத்த வாரம் மறுபடியும் சுமந்து வந்தார். பீடத்துக்கு முன்னால் லீக்ஸ், கரட், ஒரு கூடைத் தேயிலைக் கொழுந்து எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் பூசணிக்காய் என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் காணிக்கைகளை ஏலம் விட்டபோது கூவியவனும் நானே. கையிலிருந்த சேவல் பறந்து பிரசங்க மேடையில் போய் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்குப் பிரசங்கத்தை விட அதற்குத்தான் சனம் கவனமாக இருந்தது.

அப்படிப்பட்டவன் நான். இப்படிப்பட்ட ஒருவன் ஒரு நாள் ஒன்றை வாசிக்க மறந்தான் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்?

இனி கிரேஸைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த இடத்தில் ஒரு பகிடி விட்டுச் சிரிக்கவைக்கலாமா என்று கை துடிக்கிறது. விடமாட்டேன்.

கிரேஸ் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. ஞாயிறு பாடசாலையிலும் படிப்பித்தாள். பாடகர் குழுவில் கீழ்க்குரல் அவளுடையது. அந்தக் குரலைத் தனியாகக் கேட்டால் ஒன்றும் விசேஷமில்லை. அவள் வராத ஞாயிறுகளில்தான் தெரியும், பாட்டுக்கு அடியில் தரை இல்லாதது...

குருத்தோலை ஞாயிற்றுக்கு எங்கள் உயரத்தில் தென்னங்குருத்து கிடைக்காது. கீழே கொத்மலைப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும். முந்தின நாள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளை உட்காரவைத்து அவள் சிலுவை மடிக்கச் சொல்லிக்கொடுப்பாள். நான் மடிக்கும் சிலுவை எப்போதும் வெட்டுக்கிளி மாதிரி வரும். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். அவள் தான் மடித்த ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போவாள். ஒவ்வொரு வருடமும்.

அந்தச் சிலுவைகளை அடுத்த வருடம் திருப்பிக் கொண்டுவரவேண்டும். சாம்பல் புதனுக்கு முன் எல்லா வீட்டுச் சிலுவைகளையும் சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். கொண்டுவாருங்கள் என்று அறிவிப்பவன் நான். கொண்டுவராதவனும் நான்! கேட்டால் மறந்துவிட்டேன் என்பேன்.

அவளிடம் நான் எதையாவது சொன்னேனா? சொன்னேன். ஒரே ஒரு தடவை. எப்படிச் சொன்னேன் என்று கேளுங்கள்... முகமூடி போட்டுக்கொண்டு சொன்னேன்.

டிசம்பர் மாதம் லயம் லயமாக, தொழிலாளர் வரிசை வீடுகள்தோறும், கரோல் போவோம். நத்தார் தாத்தா, அதுதான் கிறிஸ்மஸ் தாத்தா, வேறு யார்? குருமனையின் பழைய சிவப்புத் திரைச்சீலையில் மாதர் சங்கம் தைத்துக்கொடுத்த அங்கி, வயிற்றில் தலையணை, நுவரெலியா கடையொன்றில் வாங்கிய ரப்பர் முகமூடி. டவுன் பேக்கரிக்காரர் வீட்டில் ஒரு பாட்டைச் சிங்களத்தில் பாடுவோம். அவர் மீன் வைத்த மாலு பணிஸ் தருவார். முகமூடியின் வாய் வழியாக மாலு பணிஸ் தின்பது ஒரு தனி வித்தை. இந்துக் குடும்பங்களும் வாசலில் விளக்கு வைத்துக் காத்திருப்பார்கள். வீட்டுக்கு வீடு ஆடுவேன், குழந்தைகளை மிரட்டுவேன், கிழவிகளிடம் பெண் கேட்பேன்.

அந்த வருடம் பொழுது சாயும் நேரத்தில் கிரேஸின் லயத்துக்குப் போனோம். எங்களோடு பாடிக்கொண்டே வந்தவள், சொந்த வீடு வந்ததும் ஓடிப்போய் வீட்டுக்காரியாக வாசலில் நின்றாள். பக்கத்தில் அவள் அப்பா, தேத்தண்ணித் தட்டுடன். நான் ஆடி முடித்தேன். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? ரப்பரிலிருந்துதான்.

"தாத்தாவுக்கு வயசாகிப் போச்சும்மா. தேத்தண்ணி ஊத்தித் தர ஆள் இல்ல. என்னையக் கட்டிக்கிறியா?" என்றேன்.

லயமே சிரித்தது. அவள் அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கிரேஸ் சிரிக்கவில்லை. ஓர் அடி கிட்ட வந்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"முகமூடியக் கழட்டிட்டுக் கேளுங்க சேர்."

சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நான் தாடியை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையணை குலுங்க ஒரு குதி குதித்து, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

முகமூடிக்குள் வியர்த்துக் கொட்டியது. டிசம்பர் குளிரில்!

கழற்றியிருக்கலாம். அங்கேயே இல்லாவிட்டாலும் மறுநாள் கேட்டிருக்கலாம். நத்தார் முடியட்டும் என்றேன். வருடப் பிறப்பு ஆராதனை போகட்டும் என்றேன். தைப்பொங்கலுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை என்றேன்... அதற்குள் வட்டவளையிலிருந்து ஒரு வரன் வந்துவிட்டது. பையன் கட்டாரில் வேலை, லீவில் வந்திருக்கிறான், நல்ல குடும்பம், நம்முடைய சபைதான். அவள் அப்பாவே வந்து சந்தோஷமாகச் சொன்னார். என்னிடம்தான் முதலில் சொல்கிறாராம்.

இனிக் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கவேண்டும்; அந்த விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு தொடர்ந்து பெண், மாப்பிள்ளை பெயர்களைச் சபைக்கு முன்னால் வாசிக்கவேண்டும். அதுதான் ஓலை. இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கவேண்டும். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிற்கவேண்டும். மூன்றாவது முறையும் யாரும் வாய் திறக்காவிட்டால் கல்யாணம். இன்னொன்று, சாம்பல் புதனோடு தபசுகாலம் தொடங்கிவிடும். அதன் பிறகு உயிர்த்த ஞாயிறு வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. பையனின் லீவோ அவ்வளவு தூரம் தாங்காது. ஆகவே சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கல்யாணம் என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின மூன்று ஞாயிறும் ஓலை.

குருவானவர் அந்த மூன்று வாரமும் வேறு கோயில்களில். ஆகவே வாசிக்கவேண்டியவன்... ஆமாம்.

முதல் ஞாயிறு வாசித்தேன். எங்கள் பக்கத்தில் ஓலை வாசிக்கும் ஞாயிறுகளில் பெண் கோயிலுக்கு வரமாட்டாள், வெட்கம். பாடகர் குழுவில் அவள் இடம் காலியாக இருந்தது. தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றேன். நின்றேன். கூரையில் ஒரு காகம் நடக்கும் சத்தம் கேட்டது. கேள்வி கேட்கிறவனே பதில் சொல்லலாமா? சொல்லலாம் என்று எந்த ஆராதனை ஒழுங்கிலும் எழுதியிருக்கவில்லை. கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டேன் போல. பின் வரிசை வாங்கில் யாரோ, சேருக்கு அடுத்த வரி மறந்துபோச்சு என்று கிசுகிசுக்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது ஞாயிறும் வாசித்தேன். அன்றைக்குக் காகம்கூட இல்லை.

மூன்றாவது ஞாயிறு மழை. சபையில் பாதிப்பேர். ஓலை என் வேதப்புத்தகத்துக்குள் இருந்தது. பழைய குருத்தோலைச் சிலுவைகளைக் கொண்டுவந்து தகரப்பேணியில் போடுங்கள் என்று அறிவித்தேன். போன வருடம் ஒருவர் சிலுவைக்குப் பதிலாக விளக்குமாற்றுக் குச்சியைப் போட்டதைப் பற்றி ஒரு கதை விட்டேன். கோயில் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கடைசிப் பாட்டைத் தொடங்கிவிட்டேன்.

அவ்வளவுதான். ஒரு கதை, ஒரு பாட்டு. அதற்கு நடுவில் ஒரு பெண்ணின் கல்யாணம் விழுந்து போயிற்று.

வாசலில் குடை விரித்துக்கொண்டிருந்த அவள் அப்பாதான் கேட்டார்.

"ஓலை வாசிக்கல்லையே சேர்?"

நெற்றியில் அடித்துக்கொண்டேன். நன்றாகவே நடித்தேன். வாயில் கைவைத்தேன், தலையைச் சுவரில் முட்டப் போனேன். சனம் பாதி வழி இறங்கியிருந்தது. ஆராதனை முடிந்த பிறகு வாசித்தால் செல்லாது. அந்த மனுஷன் என் தோளைத் தட்டினார்.

"சரி விடுங்க சேர். ஒங்களப் பத்தித் தெரியாதா. ஃபாதர்கிட்ட சொல்லிப் பாப்போம்."

என் திட்டம் என்ன என்று கேட்பீர்கள். திட்டம் இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கப்போகிறேன்? கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போகட்டும், அதற்குள் முகமூடியைக் கழற்றிவிடுவேன் என்று நினைத்தேன். அது மட்டும்தான்.

குருவானவர் கோபிக்கவில்லை. பேராயரிடம் விசேஷ அனுமதி கேட்கலாம் என்று தொலைபேசியைக் கையில் எடுத்தார். ஆனால் வட்டவளைக்குச் செய்தி போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டார். மூன்றாவது ஓலைக்கு வாய் வரவில்லை என்றால் அது மேலேயிருந்து வந்த தடை, இப்போது வேண்டாம், உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். பையன் லீவு முடிந்து பறந்தான். உயிர்த்த ஞாயிறு வந்தது. வட்டவளையிலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. அந்த அம்மா வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

கல்யாணம் நடந்திருக்கவேண்டிய செவ்வாய்க்கிழமை நான் கிரேஸின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க. எதற்கு? மறதிக்கு! அவள் அப்பா வெளியே போயிருந்தார். கல்யாணத்துக்கென்று வாங்கிய சீனி மூட்டை மூலையில் கட்டு அவிழாமல் இருந்தது. அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"மறதிதானா சேர்?"

கோபமில்லை. குற்றச்சாட்டு இல்லை. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. விளங்காதது போல இருந்துகொண்டேனா? அதையும் நான் அறியேன்.

"எனக்கு மூளை இருக்கவேண்டிய எடத்துல கொழுந்து மொளச்சிருக்கு கிரேஸ்," என்றேன்.

அவள் சிரித்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விசித்திரத்தைப் பாருங்கள்... அவள் எனக்குக் கிடைக்கவேண்டும் என்றுதானே அந்தப் பாவத்தைச் செய்தேன். செய்த பிறகு அவளிடம் வாய் திறக்க முடியவில்லை. உன்னை விரும்புகிறேன் என்று சொன்னால், நான் மறக்கவில்லை என்றும் சொல்லவேண்டுமே! இரண்டும் ஒன்றாக முடிந்த ஒரே மூட்டை. ஒன்றை மட்டும் அவிழ்க்க வழியில்லை.

ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் கொழும்பில் ஒரு பிள்ளைகள் காப்பகத்துக்கு வேலைக்குப் போனாள். டிசம்பரில் மட்டும் வருவாள்.

அதன் பிறகு என்னுடைய வருடம் டிசம்பரில்தான் தொடங்கியது. உயிர்த்த ஞாயிறு விடியலில் கல்லறைகளுக்கு நடுவில் மெழுகுவர்த்தியோடு நிற்கும்போது பக்கத்து இருட்டில் அந்தக் கீழ்க்குரலைத் தேடுவேன். குருத்தோலை வரும். சிலுவை மடிக்க வேறொரு டீச்சர். என் வெட்டுக்கிளியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், என் சட்டைப் பை வெறுமையாக இருக்கும். அறுவடைத் திருவிழா வரும், ஏலம் கூவுவேன். பிறகு மூடுபனி இறங்கும். கூதல் தொடங்கும். நான் முகமூடியைக் கழுவிக் காயவைப்பேன்.

அந்தக் கரோல் நாளில் அவள் வாசலுக்கு முன்னால் ஆடுவேன். முன்னெப்போதையும் விட அதிகமாக ஆடுவேன். அவள் கைதட்டுவாள். ரப்பரின் இரண்டு ஓட்டைகள் வழியாக ஒரு வருடத்துக்குப் போதுமான அளவு பார்த்துக்கொள்வேன். கொரோனா வந்து கரோல் நின்றுபோன வருடங்களில் அங்கியைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

இந்த வருடம் குருவானவர் ஆராதனை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்தார். மூன்று ஞாயிறு, மறந்துவிடவேண்டாம் என்று சிரித்தார்.

கிரேஸின் பெயர் இருந்தது. மாப்பிள்ளை பூண்டுலோயாவில் தபால் கந்தோரில் வேலை செய்பவர், மனைவியை இழந்தவர். எனக்குத் தெரிந்த மனிதர்தான். என் பகிடிகளுக்குச் சிரிக்காத ஒரே ஆள். அதற்காகவே அவர்மேல் எனக்கு எப்போதும் மரியாதை.

முதல் ஞாயிறு வாசித்தேன். இரண்டாம் ஞாயிறு வாசித்தேன்.

மூன்றாம் ஞாயிறு கோயிலுக்குள் நுழைந்தபோது முன் வாங்கில் கிரேஸ் உட்கார்ந்திருந்தாள்.

ஓலை ஞாயிற்றில் பெண் வருவதா! சபை திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவள் அசையவில்லை. தலையில் இரண்டொரு நரை. பாவ அறிக்கையைத் தொடங்கினேன். அன்றைக்கு என் குரல் உரத்துக் கேட்கவில்லை. கீழே ஒரு தரை இருந்தது... அதே குரல்.

ஓலையை வாசித்தேன். இந்த இருவரும் சேர்வதற்குத் தடை தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

நின்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. மழைகூட இல்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு பாட்டைத் தொடங்கினேன்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவள் வாசலில் நின்றாள்.

"வாசிப்பீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்," என்றாள்.

"இந்தத் தடவ மறக்கல்ல," என்றேன்.

"அந்தத் தடவையும் மறக்கல்ல சேர். எனக்கு அப்பவே தெரியும்."

என் கால்களுக்குக் கீழே கல் தரை இருந்ததா? இருந்திருக்கவேண்டும், விழவில்லையே.

"நீங்க வந்து சொல்லுவீங்கன்னு ஒரு வருசம் பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றாள். "அப்பா கொண்டு வந்த வரனெல்லாம் வேணாம்னேன். வட்டவளைக்காரங்க போனதுல எனக்கு ஒரு கவலையும் இல்ல. நீங்க மறதின்னு சொன்னீங்க பாருங்க... அதுதான்."

புரிகிறதா உங்களுக்கு? நான் ஒளித்துவைத்திருந்த பாவத்தை அவள் அன்றைக்கே மன்னித்திருக்கிறாள். மன்னித்தது மட்டுமா... அதைத்தான் பதில் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்! நான் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும் என்று தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் கொழுந்து முளைத்த கதை சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போதாவது பேசியிருக்கவேண்டும். ஒரு நேர்மையான வார்த்தை... ஒரு 'ஆமாம்' போதும். முகமூடி வீட்டில் பெட்டிக்குள் இருந்தது. என் முகத்தில் ஒன்றும் இல்லை. அவளும் காத்திருந்தாள், கொஞ்சம்.

"கல்யாணச் சாப்பாட்டுல எனக்கு ரெண்டு துண்டு எறச்சி கூட வைக்கச் சொல்லுங்க," என்றேன்.

அவள் சிரித்தாள். கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை.

"மாறவே இல்ல நீங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

இந்தத் தடவையும் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் கல்யாணம் நடந்தது. வாழ்த்துரை சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். சேவல் பறந்த கதையைச் சொன்னேன். மண்டபம் அதிர்ந்தது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. என்னையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். சாப்பாட்டில் இரண்டு துண்டு இறைச்சி கூடவே இருந்தது. அவள் மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் குருவானவர் கோயில் முற்றத்தில் தகரப்பேணியில் சிலுவைகளை எரித்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குப் போய், இத்தனை வருடமாகத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த அவளுடைய சிலுவைகளை எல்லாம் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். காய்ந்த ஓலை, உடனே பிடித்துக்கொண்டது. இத்தனை வருடக் கணக்கையும் ஒரே நாளில் தீர்க்கிறீர்களா என்று குருவானவர் கேலி செய்தார். இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றேன்.

மறுநாள் காலை அந்தச் சாம்பலை என் நெற்றியில் பூசினார். பெருவிரல் கொஞ்சம் சூடாக இருந்தது.

நெற்றியைத் துடைக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சேர் அடுப்பு ஊதினீங்களா என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆமாம் என்றேன். நான் சொன்ன முதல் உண்மை அதுதானோ என்னவோ.

எல்லாச் சிலுவைகளையும் எரித்தேன் என்று சொன்னேன் அல்லவா... அது பொய். ஒன்று மட்டும் என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. மூன்றாவது ஓலை இருந்த அதே பக்கத்தில்.

யாராவது கண்டுபிடித்துக் கேட்டால், போட மறந்துவிட்டேன் என்பேன்.

நம்புவார்கள்.